பரஸ்பர சம்மத விவாகரத்து: செலவு எங்கே கூடுகிறது?

“ரெண்டு பேருக்கும் சம்மதம்தான், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்று வருபவர்களிடம், எதற்கெல்லாம் சம்மதம் என்றுதான் முதலில் கேட்பேன். பிரிவதில் தகராறு இருக்காது. நகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை என்று வரிசையாகக் கேட்டால் இருவரும் முழிப்பார்கள்.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்கீழ் போடும் கூட்டு மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் சொற்பம். காசு கரைவது வாய்தாக்களில்தான். மனு போட்ட பிறகு பேரம் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் கட்டணம், பயணம், ஒரு நாள் சம்பளம் எல்லாம் போகும். பேசி முடித்து, எழுதிக்கொண்டு, அப்புறம் மனுவுக்கு வாருங்கள்.

எழுதுவதிலும் கவனம் வேண்டும். “நகைகள் திருப்பித் தரப்படும்” என்ற வரியால் பயனில்லை. எத்தனை சவரன், என்னென்ன உருப்படி, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். மொத்தத் தொகையாக ஜீவனாம்சம் பேசியிருந்தால், ஒரு பகுதியை மனு தாக்கலின்போதும், மீதியைக் கடைசி விசாரணை நாளில் நீதிபதி முன்னிலையில் டி.டி.யாகவும் கொடுப்பது நல்லது. தீர்ப்பு வரும்வரை ஒருவர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்தவரும், ஒரு பைசா வாங்காமல் கையெழுத்துப் போட்டவரும் அப்போது ஒரே மாதிரி தவிப்பார்கள்.

“எனக்கு எதுவுமே வேண்டாம்” என்று கோபத்தில் சொல்லும் தாய்மார்கள் நிறைய. தன் பங்கை அவர் விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் பராமரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. குழந்தையை யார், எந்தக் கிழமை, எங்கே சந்திப்பது, பள்ளி விடுமுறையில் யாரிடம் இருப்பது என்பதும் எழுத்தில் வரட்டும். இதை விட்டால் விவாகரத்துக்குப் பின் இன்னொரு வழக்கு நிச்சயம்.

கூட்டுப் பெயரில் வீட்டுக் கடன் இருக்கிறதா? தவணையை இனி உங்களில் ஒருவரே கட்டுவார் என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், சமரசம் ஆனதாலேயே அது முடிந்துவிடாது; உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். அதன் செலவு யாருடையது என்பதையும் இப்போதே பேசுங்கள்.

மனு போடும் முன் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் போதும். மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே பதினெட்டு மாதம் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்து, சமரச முயற்சியும் தோற்றிருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தக் கேட்கலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. தளர்த்துவது நீதிபதியின் விருப்பம், அதனால் “கண்டிப்பாகக் கிடைக்கும்” என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். மனு போட்ட பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வேறு வேறு மதத்தவரும் மதம் மாறாமல் மணக்க உதவும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான்.

இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் போதுமா? சொத்தும் குழந்தையும் இல்லாத தம்பதிக்குப் பெரிய ஆபத்தில்லை. பணம் கைமாறுகிறது என்றால், கையெழுத்துப் போடும் முன் வேறொரு வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கட்டணமே கொடுக்க முடியாத பெண்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100.

இன்னொன்று, பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கிப் பிரிவது. மிகவும் மலிவு, சட்டப்படி செல்லாது. சில சமூகங்களின் வழக்காற்று விவாகரத்தைச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அந்த வழக்காற்றை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். வெறும் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இருதார மண வழக்கு வரலாம்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் மறுமணப் பதிவுக்கும் கேட்பார்கள். அப்படியே வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் இருக்கும் நாமினி பெயரைப் பாருங்கள். விவாகரத்து ஆனாலும் நீங்களாக மாற்றும்வரை அங்கே பழைய பெயர்தான் இருக்கும்.