அசிஸ்டட் லிவிங்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஹாஸ்பிஸ்: மெடிகேர் எது கொடுக்கும், எது கொடுக்காது

அமெரிக்காவுல அசிஸ்டட் லிவிங் ஹோம்ல (வயசானவங்க தங்கி, குளிக்க, மருந்து சாப்பிடன்னு அன்றாட உதவி வாங்கிக்கிற இடம்) இருக்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டாக்டர் "இனிமே ஹாஸ்பிஸ் பத்தி யோசிங்க"ன்னு, அதாவது நோயை குணப்படுத்தாம வலியை குறைக்கிற கடைசிக் கால கவனிப்பு பத்தி, சொன்னதும் நம்ம குடும்பங்கள்ல முதல்ல வர்ற கேள்வி, "அப்போ இங்கேர்ந்து எங்க மாத்தணும்?". பெரும்பாலும் எங்கயும் மாத்த வேண்டாம். மெடிகேர் (பெரும்பாலும் 65 வயசு ஆனவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கணக்குல அந்த ஹோம் ரூம்தான் அவங்க வீடு, அதனால ஹாஸ்பிஸ் டீம் அந்த ரூமுக்கே வரும். ஆனா இதுல ரெண்டு விஷயம் புரியாம நிறைய பேர் கடைசி நேரத்துல தவிக்கிறாங்க. ஒண்ணு, மெடிகேர் ஹாஸ்பிஸுக்குத்தான் காசு கொடுக்கும், ரூமுக்கு கொடுக்காது. ரெண்டு, ஹாஸ்பிஸ் வந்துட்டா 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் பக்கத்துல உக்காந்திருப்பாங்கன்னு நினைச்சுடறோம், அது அப்படி இல்ல. இந்த ரெண்டையும் முன்னாடியே தெரிஞ்சுகிட்டா பாதி அலைச்சல் குறையும்.

முதல்ல தகுதி. இந்த சலுகை மெடிகேர் பார்ட் ஏ-ல, அதாவது ஹாஸ்பிட்டல் செலவுக்கான பகுதியில வருது, 1982-ல சட்டமாகி 1983-லேர்ந்து நடைமுறையில இருக்கு. பார்ட் ஏ இருக்கான்னு சிவப்பு வெள்ளை நீல மெடிகேர் அட்டையில பாத்தாலே தெரியும். க்ரீன் கார்டுல பெத்தவங்களைக் கூட்டிட்டு வந்தவங்க இதை நல்லா கவனிங்க, நீங்க இத்தனை வருஷம் கட்டின மெடிகேர் டாக்ஸ் உங்களுக்கும் உங்க கணவன் அல்லது மனைவிக்கும்தான் உதவும், அப்பா அம்மாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அவங்களுக்கு 65 வயசு ஆகி, க்ரீன் கார்டோட தொடர்ச்சியா 5 வருஷம் இங்க இருந்திருந்தா பார்ட் பி-யோட (டாக்டர் செலவுக்கான பகுதி) சேர்த்து பார்ட் ஏ-வை மாசப் பணம் கட்டி வாங்கலாம், வேலை செஞ்ச கணக்கே இல்லாதவங்களுக்கு 2025-ல பார்ட் ஏ-க்கு மட்டும் மாசம் 518 டாலரா இருந்துச்சு. விசிட்டர் விசாவுல வந்தவங்களுக்கு இது கிடையாது. தனியார் கம்பெனி நடத்துற மெடிகேர் அட்வான்டேஜ் ப்ளான்ல இருக்கிறவங்க பயப்பட வேண்டாம், ஹாஸ்பிஸ் செலவை அரசு நேரடியா நடத்துற ஒரிஜினல் மெடிகேரே ஏத்துக்கும், அந்த நோயோட சம்பந்தமில்லாத மத்த வைத்தியத்துக்கு ப்ளான் அப்படியே தொடரும்.

அடுத்தது டாக்டர் சர்ட்டிபிகேட். ஹாஸ்பிஸ் டாக்டரும், வழக்கமா பாக்கிற டாக்டர் ஒருத்தர் இருந்தா அவரும், "நோய் இப்படியே போனா ஆயுசு 6 மாசம் அல்லது அதுக்குள்ள"ன்னு எழுதித் தரணும். கேன்சர்னாதான் ஹாஸ்பிஸ்னு ஒரு எண்ணம் நம்மகிட்ட இருக்கு, ஆனா முத்திப்போன மறதி நோய், இதய பலவீனம், நுரையீரல் நோய், கிட்னி ஃபெயிலியர் எல்லாத்துக்கும் கிடைக்கும், அசிஸ்டட் லிவிங்ல மறதி நோயோட இருக்கிறவங்க நிறைய பேர்ங்கிறதால இது முக்கியம். அப்புறம் நோயாளியோ, அவங்க சார்பா முடிவெடுக்க சட்டப்படி உரிமை உள்ளவங்களோ ஒரு படிவத்துல கையெழுத்து போடணும், அதோட அர்த்தம் இந்த நோயை குணப்படுத்துற சிகிச்சையை நிறுத்திட்டு வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கிற வைத்தியத்தை எடுத்துக்கிறோம்ங்கிறது. அம்மாவுக்கு வேற ஏதாவது, கண்ணுல பிரச்னையோ கை எலும்பு முறிவோ வந்தா அதுக்கு வழக்கமான மெடிகேர் அப்படியே இருக்கு. டி.என்.ஆர்ல (இதயம் நின்னா திரும்ப இயக்க முயற்சி பண்ண வேண்டாம்ங்கிற படிவம்) கையெழுத்து போட்டாதான் ஹாஸ்பிஸ்ல சேப்போம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அப்படி நிபந்தனை போட விதியில இடமில்ல.

6 மாசம் முடிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்களான்னு எல்லாரும் கேக்கிறாங்க. இல்லங்க. முதல்ல 90 நாள், அடுத்து இன்னொரு 90 நாள், அதுக்கப்புறம் 60 நாள் 60 நாளா எத்தனை தடவை வேணும்னாலும் நீட்டிக்கலாம், நோய் இன்னும் அதே கட்டத்துல இருக்குன்னு டாக்டர் சொன்னா போதும், அந்த 60 நாள் நீட்டிப்பு ஆரம்பிக்கிறதுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் டாக்டரோ நர்ஸ் ப்ராக்டிஷனரோ நேர்ல வந்து பாக்கணும். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில ஹாஸ்பிஸ்ல சேர்ந்தார், 2024 டிசம்பர் 29 வரைக்கும் இருந்தார், நடுவுல 100-வது பிறந்தநாளும் வந்துபோச்சு. அவர் மனைவி ரோஸலின் கார்ட்டர் ஹாஸ்பிஸ்ல சேர்ந்த செய்தி வந்த 2 நாள்ல, 2023 நவம்பர் 19-ம் தேதி காலமானாங்க. ஒரே வீட்டுல இந்த ரெண்டும் நடந்துச்சு. என்னைக் கேட்டா, நம்மாளுங்க ரொம்பத் தள்ளிப்போட்டு கடைசி ரெண்டு மூணு நாள்ல சேர்க்கிறதுதான் பெரிய இழப்பு, ஏன்னா வலி மருந்தோட அளவை சரிபண்ணவே நர்ஸுக்கு கொஞ்ச நாள் வேணும். நடுவுல மனசு மாறி திரும்ப சிகிச்சை எடுக்கணும்னா எழுதிக் கொடுத்துட்டு எப்ப வேணும்னாலும் வெளிய வரலாம், பின்னாடி தகுதி இருந்தா மறுபடியும் சேரலாம்.

சரி, என்னென்ன கிடைக்கும்? நர்ஸ் விசிட், டாக்டர் மேற்பார்வை, குளிப்பாட்டி உடை மாத்தி விடுற எய்ட், சோஷியல் வொர்க்கர், ஆன்மீக ஆறுதலுக்கு சாப்ளின், வாலன்டியர், ஹாஸ்பிட்டல் கட்டில், ஆக்ஸிஜன், வீல்சேர், அந்த நோய்க்கும் வலிக்குமான மருந்து. கையிலேர்ந்து போறது ஒரு மருந்துக்கு அதிகபட்சம் 5 டாலர் வரைக்கும்தான், நிறைய ஹாஸ்பிஸ் அதையும் கேக்கிறதில்ல. கையெழுத்து போட்ட 48 மணி நேரத்துக்குள்ள நர்ஸ் வந்து பாக்கணும், குறைஞ்சது 15 நாளைக்கு ஒரு தடவை டீம் உக்காந்து ப்ளானை திரும்பப் பாக்கணும், ராத்திரி எத்தனை மணிக்கு போன் பண்ணாலும் நர்ஸ் பேசணும், இதெல்லாம் விதி. வலியோ மூச்சுத்திணறலோ கைமீறிப் போனா, அந்த நெருக்கடி வரைக்கும், ஒரு நாள்ல 8 மணி நேரத்துக்கு குறையாம ஆள் பக்கத்துல இருந்து பாக்கிற தொடர் கவனிப்புன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதை ஹோம் ரூம்லயே வெச்சு கொடுக்கலாம். அதுலயும் அடங்கலைன்னா ஹாஸ்பிட்டல்லயோ ஹாஸ்பிஸ் இன்பேஷன்ட் யூனிட்லயோ வெச்சு சரிபண்ணி திருப்பி அனுப்புவாங்க. இந்த தொடர் கவனிப்பு பத்தி அவங்களா சொல்ல மாட்டாங்க பல நேரம், நீங்கதான் பேர் சொல்லி கேக்கணும்.

கிடைக்காதது ரூம் வாடகை, சாப்பாடு, ஹோமோட மாசக் கட்டணம். ஹாஸ்பிஸ் சேர்ந்த அடுத்த மாசமும் ஹோம் பில் அப்படியே வரும். அசிஸ்டட் லிவிங்ல கவனிப்பு கூடக்கூட ஒரு லெவலுக்கு இவ்ளோன்னு கட்டணமும் ஏறும், ஹாஸ்பிஸ் எய்ட் வந்து குளிப்பாட்டுற நாளுக்கும் சேர்த்து ஹோம் காசு வாங்குதான்னு பில்லைப் பாத்து கேளுங்க, குறைக்கச் சொல்லிப் பேசறதுல தப்பே இல்ல. மெடிகெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு காப்பீடு) இருக்கிறவங்களுக்கு சில மாநிலங்கள்ல ஹோம்ல நடக்கிற கவனிப்புக்கு ஒரு பங்கு கிடைக்கும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அங்கயும் கிடையாது. நர்ஸிங் ஹோம்ல மெடிகெய்ட் கதை வேற, அங்க ரூமும் சேர்ந்து வரும், அதனால அங்க இருக்கிற சொந்தக்காரங்க சொன்னதை வெச்சு இங்க கணக்கு போடாதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், ராத்திரி. ஹாஸ்பிஸ் சேர்ந்ததும் வலி, பதட்டம், தொண்டையில கரகரன்னு சளி சத்தம் இதுக்கெல்லாம் ஒரு சின்ன பெட்டி வரும், கம்ஃபர்ட் கிட்னு சொல்வாங்க, உள்ள நாக்குக்கு அடியில விடற மார்பின் சொட்டு, பதட்டத்தை குறைக்கிற லோராஸிபாம் மாதிரி ரெண்டு மூணு மருந்து இருக்கும். வீடா இருந்தா பொண்ணோ புள்ளையோ எடுத்து கொடுத்துடலாம். ஹோம்ல அது மருந்து வண்டியில பூட்டி இருக்கும், சாவி டூட்டில இருக்கிற மெட் டெக்கிட்ட (மருந்து எடுத்துக் கொடுக்கிற ஹோம் ஊழியர்) இருக்கும், "தேவைப்பட்டா கொடு"ன்னு எழுதின மார்பினை, நர்ஸ் இல்லாத ஒரு ஆள் தானா முடிவு பண்ணி கொடுக்கலாமா கூடாதாங்கிறது மாநிலத்துக்கு மாநிலம், ஹோமுக்கு ஹோம் மாறும். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா வலியில முனகும்போது, ஹோம்காரங்க ஹாஸ்பிஸுக்கு போன் பண்ணி, நர்ஸ் அங்கேர்ந்து கார் எடுத்து வர வரைக்கும் மருந்து பெட்டிக்குள்ளயே இருக்கும். இது யாரோட கெட்ட எண்ணமும் இல்ல, யார் என்ன செய்யணும்னு முன்கூட்டியே எழுதாததோட விளைவு. அதனால சேர்ந்த முதல் வாரத்துலயே ஹோம் டைரக்டர், ஹாஸ்பிஸ் நர்ஸ், நீங்க மூணு பேரும் உக்காந்து கேர் ப்ளான்ல இதை எழுத வைங்க, வலி மருந்தை மணிக்கணக்கு வெச்சு ரெகுலரா கொடுக்க ஆர்டர் போட முடியுமான்னும் கேளுங்க, அப்படி இருந்தா மெட் டெக் முடிவெடுக்க வேண்டிய தேவையே வராது.

ஹாஸ்பிஸ்ல இருக்கிறவங்களை வெச்சுக்க ஹோமுக்கும் அனுமதி வேணும். கலிஃபோர்னியாவுல ஹோம்கிட்ட ஹாஸ்பிஸ் வெய்வர்ங்கிற மாநில அனுமதி இருக்கணும், அதுல எத்தனை பேரை வெச்சுக்கலாம்ங்கிற வரம்பும் இருக்கும். ஃப்ளோரிடாவுல வழக்கமா "இனி இவங்களை இங்க வெச்சுக்க முடியாது"ன்னு சொல்ற நிலைமை வந்தாலும், லைசன்ஸ் உள்ள ஹாஸ்பிஸ் பாத்துக்கிட்டு ஹோமும் சம்மதிச்சா கடைசி வரைக்கும் இருக்கலாம். உங்க மாநிலத்துல என்னன்னு ஹோம்ல சேர்க்கும்போதே கேளுங்க, படுத்த படுக்கையான பிறகு கேக்காதீங்க.

எந்த ஹாஸ்பிஸ்ங்கிறது நோயாளியோட விருப்பம். ஹோம் ஒரு பேரை நீட்டினாலும் மெடிகேர் டாட் கவ்-ல கேர் கம்பேர் பகுதியில மத்ததையும் பாருங்க, ஹோமோட அவங்களுக்கு ஒப்பந்தம் இருக்கான்னு கேளுங்க, பிடிக்கலைன்னா மேல சொன்ன 90 நாள், 60 நாள் கட்டம் ஒவ்வொண்ணுலயும் ஒரு தடவை மாத்திக்கலாம். வாசல்ல வந்து இலவசமா அது தரோம் இது தரோம்னு மெடிகேர் நம்பர் கேக்கிறவங்ககிட்ட கொடுத்துடாதீங்க, அரிஸோனா, கலிஃபோர்னியா, நெவாடா, டெக்ஸாஸ்ல புதுசு புதுசா முளைச்ச ஹாஸ்பிஸ் கம்பெனிகளை மெடிகேர் 2023-லேர்ந்து கூடுதலா கண்காணிக்கிறதே இந்த மாதிரி மோசடியாலதான். சேரும்போது "எந்த மருந்து, எந்த சேவை உங்க கணக்குல வராது"ன்னு எழுத்துல கேளுங்க, 2020 அக்டோபர்லேர்ந்து கேட்டா கொடுத்தே ஆகணும்.

இங்கிலீஷ் வராத அம்மாவுக்கு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஹாஸ்பிஸ் இலவசமா ஏற்பாடு பண்ணணும், போன்லயாவது. வலி எப்படி இருக்குன்னு பேரப்பிள்ளை மொழிபெயர்க்கிறது நல்லதில்லைங்க, பாட்டி அவன்கிட்ட மறைச்சுடுவாங்க. சாப்ளின் வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், நம்ம கோயில் குருக்களையோ, பாதிரியாரையோ, இமாமையோ வரவழைக்கவும் சொல்லலாம்.

மூச்சு வாங்கும்போது பதறிப்போய் 911 அடிக்காதீங்க, முதல்ல ஹாஸ்பிஸ் நம்பர், அவங்க ஏற்பாடு பண்ணாம அதே நோய்க்காக எமர்ஜென்சி ரூம் போனா பில் உங்க தலையில விழலாம். ஹோம் ஊழியர்களுக்கும் இதைச் சொல்லி வைங்க, ஷிஃப்ட் மாறினதும் புது ஆள் 911 தட்டிடுவாங்க, அந்த நம்பரை ரூம் கதவுக்குப் பின்னாடி பெரிய எழுத்துல ஒட்டுங்க. உயிர் பிரிஞ்ச பிறகும் முதல் போன் ஹாஸ்பிஸுக்குத்தான், பல மாநிலங்கள்ல நர்ஸே வந்து உறுதி பண்ணி ஃப்யூனரல் ஹோமுக்கு தகவல் சொல்லுவாங்க.

"நிலைமை நல்லா ஆயிடுச்சு, ஹாஸ்பிஸ் நிறுத்தறோம்"னு நோட்டீஸ் வந்து உங்களுக்கு ஒத்துக்க முடியலைன்னா, அதுல இருக்கிற நம்பர்ல, சேவை நிக்கிற நாளுக்கு முந்தின நாள் மதியத்துக்குள்ள அவசர அப்பீல் பண்ணணும், அந்த நேரத்தை விட்டுடாதீங்க. ஹோம் மேல குறைன்னா புகாரை விசாரிக்கிற உங்க மாநில லாங் டெர்ம் கேர் ஆம்பட்ஸ்மன் ஆபீஸ், மெடிகேர் சந்தேகம்னா 1-800-633-4227. அம்மாவோ அப்பாவோ போன பிறகும் ஒரு வருஷம் வரைக்கும் குடும்பத்துக்கு துக்க ஆலோசனை இதே சலுகையில சேர்ந்ததுதான், அதுக்கு தனியா காசு கிடையாது, ஹாஸ்பிஸ்லேர்ந்து அதுக்காக போன் வந்தா எடுத்துப் பேசுங்க.