மரம் நட இடம் இருக்கா என்று கேட்பவர்களுக்கு

பிப்ரவரி பிறந்தால் போதும், புல் நிலங்களைப் பாதுகாக்கும் எங்கள் தொண்டு நிறுவனத்தின் தொலைபேசி ஓயாது. "மேடம், பத்தாயிரம் கன்று நடணும். மார்ச் முடியறதுக்குள்ள போட்டோவோட ரிப்போர்ட் வேணும். இடம் ஏதாவது இருக்கா?"

காரணம் தெரிந்ததுதான். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆவது பிரிவு. பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்கும் அவசரம் எனக்குப் புரிகிறது. வேம்புக்கும் புங்கனுக்கும் புரியாது. நாங்கள் வேலை செய்யும் திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரம் மழை மறைவுப் பகுதி, தென்மேற்குப் பருவ மழையை மலை தடுத்துவிடும். எங்களுக்கு நம்பகமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்ச்சில் நட்ட கன்று தண்ணீர் லாரி வரும்வரை உயிரோடு இருக்கும், லாரி நின்றதும் போய்விடும். அடுத்த அலை ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். அக்னி நட்சத்திரத்தின் சூடே அப்போது ஆறியிருக்காது.

சரி, பருவத்தைக்கூடப் பேசி மாற்றிவிடலாம். இடம்தான் பெரிய தலைவலி. இந்த ஆண்டும் ஒரு நிறுவனம், ஊர் ஆடு மாடு மேயும் பொது நிலமான ஒரு மேய்க்கால் புறம்போக்கில் நடலாமா என்று எங்களிடம் கேட்டது. "அங்கே வேண்டாம்" என்று காரணத்தோடு எழுதியும் கொடுத்தோம். அவர்கள் வேறு யாரையோ பிடித்து, அதே மேய்க்கால் புறம்போக்கில் பொக்லைனை இறக்கிவிட்டார்கள். மியாவாக்கி காடாம், கன்றுகளை நெருக்கி நட்டுச் சீக்கிரம் அடர்காடாக்கும் ஜப்பானிய முறை. ஒரே காலைப் பொழுதில் மேல்மண் முழுக்கக் கிளறப்பட்டது. குழி, கன்று, பேனர், கம்பி வேலி எல்லாம் முறையாக வந்தன. ஜூன் மாதம் போய்ப் பார்த்தால் கன்றுகளில் பெரும்பாலானவை குச்சியாக நின்றன. கிளறிய மண்ணில் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் தளதளவென்று முளைத்திருந்தன. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் என்னைப் பார்த்ததும், "வேலியப் போட்டுட்டீங்க. இனி ஆட்ட எங்கீங்க அம்மணி ஓட்டறது?" என்றார். எல்லாத் தொண்டு நிறுவனமும் அவருக்கு ஒன்றுதான். அவரிடம் நான் என்ன விளக்கம் சொல்ல?

இதில் என்னை எரிச்சலூட்டுவது, "சும்மா கிடக்கிற இடம்தானே மேடம்" என்ற பேச்சு. மரம் இல்லாத இடமெல்லாம் செத்துப்போன இடம், பழைய காடு அழிந்த மிச்சம், நாம் நட்டால்தான் உயிர் வரும் என்ற நினைப்பு. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், நல்ல மனசுக்காரர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அரசுப் பதிவுகளும் இதற்குத் துணை. வரி வராத நிலம் என்றால் வருவாய்த் துறை ஏட்டில் தரிசு. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில்கூட புதர் நிலங்கள் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும் தரையில் இருப்பது வேறு. மழை குறைந்த, மண் ஆழம் குறைந்த இடத்தில் புல்லும் முள்ளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரமும் நிற்பதுதான் இயல்பு. அது காடாக வளரத் தவறிய நிலம் இல்லை. அதன் முழு வளர்ச்சியே அதுதான். அகிரா மியாவாக்கி தன் முறையை உருவாக்கியது ஜப்பானில், விட்டுவிட்டால் தானாகக் காடாகும் ஈரமான நிலங்களுக்கு. சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று என்று அங்கே நெருக்கி நட்டதை, ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல் தட்டுப்படும் இடத்தில் செய்தால் என்ன ஆகும்? கான்கிரீட் சூழ்ந்த ஆலை வளாகத்தில் செய்யுங்கள், கைதட்டுகிறேன்.

நம்பாதவர்களை ஏப்ரல் மாதத்தில் ஒரு சரளைக் காட்டுக்கு அழைத்துப் போவேன் (காடு என்றால் எங்கள் பக்கம் மேட்டு நிலம்). மஞ்சள் மூக்கு ஆட்காட்டி அங்கே கூடு கட்டாது. தரையில் லேசாகப் பள்ளம் பறித்து நான்கு முட்டை இடும். மண் நிறம், மேலே கரும்புள்ளிகள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை எங்கோ தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்காரும். பொக்லைன் ஓட்டுநர் அந்த உயரத்திலிருந்து இதை எப்படிப் பார்ப்பார்? வானம்பாடி, முயல், விசிறித்தொண்டை ஓணான், குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வந்து புல்லுக்குள் கூட்டமாகத் தங்கும் பூனைப் பருந்து என எல்லாமே மரம் அடர்ந்து நிற்காததால்தான் இங்கே இருக்கின்றன.

விவசாயிகளுக்கு இது புதிதில்லை. கொங்குப் பகுதியில் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைத் தெரியாதவர் இல்லை. முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல். காய் விழுந்தால் ஆடு தின்னும், சிறிய இலை என்பதால் அடியில் புல்லுக்கும் வெயில் கிடைக்கும். ஒரு காட்டில் மேய்த்து, அடுத்த காட்டுக்கு மாற்றி, புல் தேறியதும் திரும்ப வருவார்கள். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில்தான். ஜல்லிக்கட்டுக்காக 2017இல் தெருவில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் புல்லைத் தெரியும் என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

அப்புறம், "மரம் நடாமல் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்ற கேள்வி. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பக்கத்து ஊர்ப் பெண்கள். மழை பெய்து மண் இளகியதும் சீமைக் கருவேல நாற்றுகளை வேரோடு பிடுங்குவது அவர்கள் வேலை. ஆடு அந்தக் காயைத் தின்று புழுக்கையில் விதையைப் போட்டுவிடுவதால் பட்டி போட்ட இடமெல்லாம் முளைக்கும். ஒரு வருடம் விட்டால் கையால் பிடுங்க முடியாது, கடப்பாரை வேண்டும். புல் கதிர் முற்றியதும் மடியில் உருவிச் சேர்ப்பார்கள். அதை உடனே தூவினால் சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் தீக்காவல். ஒருவர் வருடம் முழுக்க கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைவார், நிலத்தின் வகையையும் எல்லையையும் உறுதி செய்ய: ஏ பதிவேடு, புல வரைபடம், எல்லைக்கல். பாதுகாக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் அவர் காத்திருந்த பெஞ்சில்தான் பாதுகாக்கப்பட்டது என்பேன்.

இவர்களுக்குச் சம்பளம் என்றால் மட்டும் நன்கொடையாளர் முகம் மாறுகிறது. "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டமே சொல்கிறதே" என்பார்கள். ஐயா, அந்த 5 சதவீதம் உங்கள் நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை நிலத்தில் நடத்துபவர்களின் கூலி அதில் சேராது. 2021இல் திருத்திய சமூகப் பொறுப்பு (CSR) விதிகளைப் படித்துப் பாருங்கள். கன்றுக்குக் காசு, காவலுக்குக் காசில்லை என்பது பிரசவத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பால் வாங்க மறுப்பது மாதிரி.

இனி, செய்ய வேண்டியவை. ஒரு நிலத்தை ஏப்ரலில் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், மழைக்குப் பிறகு கார்த்திகையிலும் பாருங்கள். ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் பேசாமல் வேலி போடாதீர்கள். மேய்க்கால் புறம்போக்கு யாருமில்லாத நிலம் அல்ல, ஊருக்குப் பொது. பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. புல் நிலத்துக்குள் பொக்லைன் வேண்டவே வேண்டாம், சீமைக் கருவேலத்தை எடுக்கிறேன் பேர்வழி என்றும் வேண்டாம். கருவேலத்தை வேறு வகையில் எடுத்தாலும் அடுத்த மூன்று மழைக்கு நாற்றுப் பிடுங்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டு எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வைத்து விதைப்பந்து செய்து பேருந்து ஜன்னலில் வீசுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பந்துகளில் சவுண்டல் என்ற அயல் மரத்தின் விதையை நானே பார்த்திருக்கிறேன், அது பரவினால் பிடுங்கப்போவது எங்கள் அக்காமார்தான்.

மரம் நட ஆசையா? சாலையோரம், பள்ளி, வயல் வரப்பு, உங்கள் ஆலை வளாகம் என்று இடமா இல்லை? ஐப்பசியில் நடுங்கள், நாட்டு மரமாக நடுங்கள், மூன்று கோடைக்குத் தண்ணீருக்குப் பொறுப்பு எடுங்கள். ஊர்க்காரரே கேட்டால் எங்கள் ஆட்கள் வந்து இடம் பார்த்துச் சொல்வார்கள்.

மார்ச்சில் பணம் மிஞ்சிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. தொடர் திட்டம் என்று உங்கள் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் அதற்கென உள்ள தனி வங்கிக் கணக்கில் போட்டால் போதும். தணிக்கையாளரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். திட்ட வரைவை நாங்களே எழுதித் தருகிறோம். அதில் கன்று எண்ணிக்கை என்ற கட்டம் இருக்காது, ஆட்கள் சம்பளம் என்ற கட்டம் இருக்கும்.