கிளிக்கர் வாங்கித் தரும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

பள்ளிகளுக்குக் கொடுத்த நன்கொடை என்ன ஆனது என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. போன வாரமும் அதே கதை. தலைமை ஆசிரியர் அறை பீரோவில் ஒரு பெட்டி கிளிக்கர்கள், அதாவது பிள்ளைகள் ஏ, பி, சி, டி என்று பொத்தானை அமுக்கி விடை சொல்லும் சின்ன ரிமோட்கள், பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்கவில்லை. வெளியே சுவரில் நன்கொடையாளர் பெயர் போட்ட கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. கேட்டால் "ரிசீவரைக் காணோம் சார்" என்கிறார்கள். கணினியில் செருகி ரிமோட்களின் விடைகளை வாங்கும், பென் டிரைவ் அளவில் இருக்கும் அந்த ஒரு துண்டு தொலைந்தால் மொத்த செட்டும் வீண்.

ஆசிரியர்களைத் திட்டாதீர்கள். கருவி வந்துவிட்டால் வகுப்பு தானாகக் கலகலப்பாகிவிடும் என்ற நினைப்பில் வாங்கிக் கொடுத்தீர்களே, தப்பு அங்கேதான். கிளிக்கர் விடைகளை எண்ணித் தரும், அவ்வளவுதான். பாதிப் பிள்ளைகள் தப்பாகச் சொன்னதும் சரியான விடையை உடனே சொல்லிவிடாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி, மறுபடி விடை கேட்கிற ஆசிரியர் இருந்தால்தான் படிப்பு நடக்கும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் இந்த முறையைத் தொடங்கியபோது கையைத் தூக்கச் சொல்லித்தான் தொடங்கினார். நதானியல் லாஸ்ரி கனடாவில் ஒரு கல்லூரியில் கிளிக்கரையும், விடை எழுத்தைத் தூக்கிக் காட்டும் வெறும் அட்டையையும் ஒப்பிட்டு 2008இல் எழுதினார். புரிதலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கேள்வி நல்ல கேள்வியா என்பதுதான் விஷயம், அதை எழுத ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். அதற்கு நிதி கேட்டால் மட்டும் எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள், பயிற்சிக்குக் கல்வெட்டு வைக்க முடியாது அல்லவா!

அதனால் முதலில் பிளிக்கர்ஸ் என்ற செல்போன் செயலியைப் போடச் சொல்லுங்கள். காகித அட்டையைப் பிள்ளை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறதோ அதுதான் விடை. ஆசிரியரின் ஒரே செல்போன் கேமரா வகுப்பு முழுவதையும் படித்துவிடும். செயலியில் பிள்ளைகளின் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைப் போட்டால் போதும். ஒரு பருவம் இது ஓடவில்லை என்றால் கிளிக்கரும் ஓடாது.

ஓடுகிறது, கிளிக்கர்தான் வேண்டும் என்கிறார்களா, சரி. மூன்று வருடச் செலவைக் கேளுங்கள்: மென்பொருள் சந்தா, பேட்டரி, கூடுதல் ரிசீவர், உடைவதற்கென்று சில உபரி ரிமோட். விற்பவர் 'லைஃப்டைம்' என்றால் யாருடைய ஆயுள் என்று எழுத்தில் வாங்குங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ரிசீவரையும் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் நிதி, கொடுக்கும் நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று பொதுத்தேர்வு நேரத்தில் பெட்டியைக் கொண்டு இறக்காதீர்கள், தயவு செய்து. முறைப்படி தொடர் திட்டமாக ஒப்புதல் வாங்கியிருந்தால் செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்தப் பணத்தில் சந்தாவும் பயிற்சியும் அடங்கும்படி திட்டத்தை எழுதுங்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் கொடுங்கள்.

அப்புறம், மே விடுமுறைக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், கசிந்து வெள்ளைப் பொடி பூத்த ரிமோட்டைச் சரிசெய்வது பெரும்பாடு.