தடித்த ஃபைலில் இல்லாத பரிசோதனை

"ஃபுல் பாடி செக்கப் பண்ணியாச்சு டாக்டர், எல்லாம் நார்மல்" என்று சொல்லி, 46 வயதுப் பெண் ஒருவர் தடித்த ஃபைலை என் மேசையில் வைத்தார். புற்றுநோய்க்கென்றே நாலைந்து ரத்த மார்க்கர்கள், தைராய்டு ஸ்கேன், வயிற்று ஸ்கேன். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். கருப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறைகூட எடுத்திருக்கவில்லை. மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமும் இல்லை.

இப்படிப்பட்ட ஃபைல்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குச் செய்வது. (மாதவிடாய்க்கு இடையில் ரத்தப்போக்கு, மார்பில் கட்டி என்று ஏதாவது இருந்தால் ஸ்கிரீனிங்குக்குக் காத்திருக்காதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.) நன்றாக இருப்பவரைத் தொடுகிறோம் என்பதால், உயிரைக் காக்கும் என்று நிரூபணமான பரிசோதனையைத்தான் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவை கொஞ்சம்தான்: கருப்பை வாய், மார்பகம், பெருங்குடல். பல வருடம் அதிகமாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். மார்க்கர்கள் இதில் சேராது. சிஏ 125 என்ற மார்க்கர் மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவலானபோது, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது சுமார் 15 மடங்கானது. இறப்பு மட்டும் குறையவில்லை. தேவையில்லாமல் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர்.

கருப்பை வாய் விஷயம் வேறு. அங்கே வரும் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் ஹெச்பிவி வைரஸால் வருவது. தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். அவ்வளவு அவகாசம் இருந்தும் பெண்களை இழக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாப் ஸ்மியர் என்ற பரிசோதனையில் கருப்பை வாயின் செல் மாறிவிட்டதா என்று பார்க்கிறோம். ஹெச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் அதற்கும் முன்னாலேயே வைரஸைப் பிடித்துவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் முதல் தேர்வாகச் சொன்னது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. மாதிரியைப் பெண்களே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். கூச்சப்பட்டே தள்ளிப்போட்ட பலர் இதற்கு மட்டும் சரி என்கிறார்கள்.

அடுத்து வரப்போவதும் நம்பிக்கை தருகிறது. ஸ்வீடனில் நடந்த ஆய்வில், ஏஐ துணையோடு மேமோகிராம் பார்த்தபோது படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. ஒரே ரத்தப் பரிசோதனையில் பல புற்றுநோய்களைத் தேடும் முயற்சியும் நடக்கிறது. ஆனால் அது இறப்பைக் குறைக்கும் என்பது நிரூபணமாகும் வரை நான் எழுதித் தரமாட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு ஹெச்பிவி பாசிட்டிவ் வந்தது. பயந்துபோனார். பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை என்று உட்காரவைத்து விளக்கினேன். கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்தால் புற்றுக்கு முந்தைய மாற்றம், சின்ன இடத்தில். சிகிச்சை முடிந்து அன்றைக்கே வீட்டுக்குப் போனார். அடுத்த முறை தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.