எருக்குழிப் புழுவைக் கோழிக்குப் போடலாமா?

எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் தடிமனுக்குச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் கிடைக்கும். பெரும்பாலும் அவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். மாதவரம், அம்பத்தூர், மேடவாக்கம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தென்னையும் கோழியும் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டாக்டர், இதைக் கோழிக்குப் போடலாமா?"

போடலாம். தென்னங்குருத்தைத் துளைக்கப் போகும் வண்டு புழுவிலேயே ஒழியும், கோழிக்கும் புரதம் கிடைக்கும். உயிரோடு விழுங்கிய புழு வயிற்றைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி நடக்காது. குஞ்சுகளுக்கு மட்டும் நறுக்கிப் போடுங்கள். கொம்புள்ள முழு வண்டு குஞ்சுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: புழுவை எங்கே எடுத்தீர்கள்?

ஏனென்றால் பூச்சி தின்று நோய்ப்பட்டு வரும் கோழிகளில் பலவற்றுக்கு, பூச்சி எந்த இனம் என்பதைவிட அது எங்கே வளர்ந்தது என்பதுதான் காரணமாக இருக்கிறது.

மிக மோசமானது அழுகிய பிணத்தில் வளர்ந்த ஈப்புழு. குப்பைக்குழியில் செத்த எலியோ கோழியோ கிடந்தால், காற்றுப் புகாத அந்த உடலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா பெருகி நச்சைச் சுரக்கும். ஈப்புழுவை அந்த நச்சு ஒன்றும் செய்யாது. ஆனால் புழுவின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட புழுக்கள் கொஞ்சம் போதும், நல்ல கோழி படுத்துவிடும். முதலில் கால் தளரும், பிறகு இறக்கை, பிறகு கழுத்து. கண் இமையும் மூடிக்கொள்ளும். காய்ச்சல் இருக்காது, நினைவும் இருக்கும். கழுத்தைப் பார்த்ததும் பலர் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்) என்று நினைத்துவிடுகிறார்கள். வெள்ளைக்கழிச்சலில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இதில் துணிபோலத் துவண்டு தொங்கும். இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சையே மாறுகிறது. செத்த கோழியை எருக்குழியில் மேலாகப் போடாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.

அடுத்தது நாடாப்புழு. கோழி எச்சத்தில் விழும் நாடாப்புழு முட்டைகளைச் சின்ன வண்டுகளும் எறும்புகளும் ஈக்களும் தின்னும். அவற்றின் உடலுக்குள் இளம்பருவம் வளரும். அந்தப் பூச்சியைக் கொத்திய கோழியின் குடலில் இரண்டு மூன்று வாரத்தில் முழுப் புழுவாகிவிடும். அதனால் கொட்டகைக் குப்பைக்குள் ஓடும் சின்னக் கறுப்பு வண்டுகளைப் பிடித்து இரையாகப் போடுவது நல்லதல்ல. கொட்டகையிலிருந்து தள்ளியிருக்கும் எருக்குழியில் எடுத்த புழுவில் இந்த ஆபத்து குறைவு. எச்சத்தில் வெள்ளையாகச் சின்னத் துண்டுகள் தெரிந்தால் நாடாப்புழு என்று சந்தேகப்படலாம். கடையில் வாங்கும் பைப்பரசின் உருண்டைப் புழுவுக்குத்தான் கேட்கும், நாடாப்புழுவுக்குக் கேட்காது. "மருந்து கொடுத்தேன், கோழி இளைத்துக்கொண்டேதான் இருக்கிறது" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் விஷயம்.

சென்னையில் எனக்கு இன்னும் கவலை தருவது கரையான். பழைய பானைக்குள் சாணம், கோணித்துணி, ஓலை எல்லாம் போட்டு ஈரமாக்கிக் கவிழ்த்து வைத்து, காலையில் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்குத் தட்டிக்கொட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அருமையான வழக்கம், விட வேண்டாம். ஆனால் நகரத்து வீடுகளில் அஸ்திவாரத்தைச் சுற்றித் துளையிட்டுக் கரையான் மருந்து இறக்கியிருப்பார்கள். குளோர்பைரிபாஸ், பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை அதில் இருக்கும். அந்த மண்ணில் தள்ளாடும் கரையானையோ மழைக்குப் பிறகு சுவரோரம் குவியும் ஈசலையோ கோழிக்குக் காட்டாதீர்கள். பிப்ரோனில் கோழியின் கொழுப்பிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் தங்கும். 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பண்ணைகளில் உண்ணிக்கு அடித்த மருந்தில் இது கலந்திருந்ததால்தான் லட்சக்கணக்கான முட்டைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். நம் வீட்டு முட்டையை யாரும் சோதிப்பதில்லை, குழந்தைக்கு அவித்துக் கொடுத்துவிடுகிறோம். வாழைக்கோ ரோஜாவுக்கோ கார்போஃபியூரான் குருணை போட்ட தொட்டியின் புழுவும் இதே கணக்குதான். அந்தக் குருணையையே தானியம் என்று நினைத்துக் கொத்திய கோழி பிழைப்பது அரிது.

செம்பருத்தி, வெண்டைப் பூவில் உட்காரும் கறுப்பு-ஆரஞ்சுப் பட்டை வண்டை மட்டும் எந்த இடத்தில் எடுத்தாலும் போட வேண்டாம். அது கொப்புள வண்டு. அதன் உடலில் உள்ள காந்தாரிடின் கையில் பட்டாலே கொப்புளம் வரும்.

அப்புறம் அளவு. புழுவெல்லாம் சேர்ந்து அன்றாடத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து நிறைய வேண்டும், இந்தப் புழுவில் அது குறைவு. ஒரு கிண்ணத்தில் கிளிஞ்சல் தூளைத் தனியாக வையுங்கள், தேவையான அளவு தானே கொத்திக்கொள்ளும்.

கோழி திடீரெனத் துவண்டாலோ எச்சில் ஒழுகி நடுங்கினாலோ காத்திருக்காதீர்கள். நிழலில் வைத்து, மற்றக் கோழிகளை அந்த இடத்திலிருந்து விலக்கிவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டுபோங்கள். தோட்டத்தில் அடித்த மருந்தின் டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் எந்த மாற்று மருந்தைப் போடுவது என்று மருத்துவர் உடனே முடிவெடுக்க முடியும். செத்த கோழியாக இருந்தால் உறைய வைக்காமல், பையில் கட்டி ஐஸ் மேல் வைத்துக் கொடுங்கள்.