புதுக் கண்டன்சர் ஏன் முதலில் வெடித்தது?

மேலூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலை. மோட்டாரை ஓட்டும் டிரைவ் செத்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் இரண்டு பெரிய கண்டன்சர்களில் ஒன்று தலை உப்பி வெடித்திருந்தது. "பழசு அப்படியே இருக்கு தம்பி, போன வாரம் வாங்கிப் போட்ட புதுசுதேன் போயிருச்சு, கடைக்காரன் டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டான்" என்றார் ஆலைக்கார அண்ணன். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. புதுசு நல்ல சரக்காக இருந்ததுதான் வம்பு.

மூன்று பேஸ் 415 வோல்ட்டை, கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு வழியாக டிசியாக்கினால் அதன் உச்ச அளவான 587 வோல்ட் வரும். இந்த வகை எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் 450 வோல்ட்டுக்கு மேல் கடையில் சுலபமாகக் கிடைக்காது, அதனால் 400 வோல்ட் கண்டன்சர் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டி 800 தாங்கும் என்று விட்டுவிடுகிறோம். பாதிக்குப் பாதி 293 பிரிந்தால் கவலையில்லை. ஆனால் தானாக அப்படிப் பிரியாது.

முதல் காரணம் எளிது. தொடரில் இரண்டுக்குள்ளும் போகும் மின்னூட்டம் ஒன்றேதான். ஒரே செம்புத் தண்ணீரை அகலப் பானையிலும் ஒடுக்கப் பானையிலும் ஊற்றினால் ஒடுக்கத்தில் மட்டம் உயரும் இல்லையா, அதுபோலக் கொள்ளளவு குறைந்ததில் வோல்ட்டேஜ் கூடும். கொள்ளளவு 1000 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தாலும் 20 சதவீதம் ஏறி இறங்கலாம். ஒன்று 800, இன்னொன்று 1200 என்றே வைத்தாலும் 352, 235 என்று பிரியும். அதையும் 400 வோல்ட் கண்டன்சர் தாங்கிக்கொள்ளும்.

கண்டன்சரைக் கொல்வது இரண்டாவது காரணம், அதாவது கசிவு. எந்த எலக்ட்ரோலிட்டிக்கும் துளித் துளியாகக் கரண்டைக் கசிய விடும், வயசானால் கூடும், மதுரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இருந்தால் இன்னும் கூடும். கணக்குக்காக, பழசின் கசிவை 3 லட்சம் ஓம் ரெசிஸ்டர் என்றும் புதுசின் கசிவை 10 லட்சம் ஓம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போட்டவுடன் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அப்புறம் நிமிடத்துக்கு நிமிடம், இரண்டும் சேரும் நடுப்புள்ளியின் வோல்ட்டேஜ் நகர்ந்து, அரை மணி நேரத்துக்குள் கசிவு சொல்லும் இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பழசில் 135 வோல்ட், புதுசில் 452! கசியாமல் ஒழுங்காக இருந்த பாவத்துக்கு அதன் தலையில் அத்தனை சுமை. நிஜத்தில் வோல்ட்டேஜ் ஏற ஏறக் கசிவும் ஏறி இதைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் அந்தக் கசிவே சூடாகி உள்ளே வாயுவைக் கிளப்புகிறது.

மருந்து ரொம்ப மலிவு. ஒவ்வொரு கண்டன்சருக்கும் இணையாக ஒரே அளவில் ஒரு ரெசிஸ்டர். 47 கிலோ ஓம் (47 ஆயிரம் ஓம்) போட்டால் அதில் ஓடும் 6 மில்லியாம்பியருக்கு முன்னால் கசிவு சுண்டைக்காய். அதே பழசையும் புதுசையும் வைத்துக் கணக்குப் போட்டால் 279, 308 என்று வருகிறது. ரெசிஸ்டர் ஒன்றுக்கு 2 வாட் சூடாகும், ஆகவே 5 வாட் போடுங்கள், போர்டை ஒட்டாமல் சற்றுத் தூக்கி வையுங்கள்.

இந்த டிரைவிலும் ரெசிஸ்டர்கள் இருந்தன. பழசோடு இருந்தது சரியாக 47 கிலோ ஓம் காட்டியது. புதுசோடு இருந்தது சூட்டில் கருகி ஓப்பனாகி, அதாவது உள்ளே அறுந்து கிடந்தது. கண்டன்சரை மாற்றியவர் அதை மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் ரெசிஸ்டர் இருப்பது இரண்டு பக்கமும் இல்லாததைவிட மோசம், கிட்டத்தட்ட மொத்தச் சுமையும் அது இல்லாத பக்கம் சாய்ந்துவிடும்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரே பேட்ச் கண்டன்சர் இரண்டு, ரெசிஸ்டர் இரண்டு வாங்கி வந்து போட்டேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளந்தால் 295, 292. ஆஃப் செய்ததும் அண்ணன் உள்ளே கையை நீட்டினார், பிடித்து நிறுத்தினேன். அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் கண்டன்சர் காலியாகவும் வேண்டும், அதற்கு நாலு நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடம் கழித்து, மீட்டரில் பார்த்துவிட்டு மூடியைப் போட்டோம்.