ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்: உயிர்ப்புக் கசடு

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியில் பழுப்பு நிறத்தில் சுழன்றுகொண்டிருக்கும் குழம்புக்கு 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்று பெயர். பாக்டீரியாக்களும் அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிரிகளும் பிசுபிசுப்பான பொருளால் ஒட்டிக்கொண்டு, சிறுசிறு திரள்களாக அதில் மிதக்கின்றன. கரைந்திருக்கும் கரிமப் பொருளே இவற்றுக்கு உணவு. காற்றூட்டம் இல்லாத அடுத்த தொட்டியில் திரள்கள் அடியில் படிய, தெளிந்த நீர் மேலே வழியும். படிந்ததில் பெரும்பகுதி முதல் தொட்டிக்கே திரும்பும்.

திரும்ப அனுப்புவதில்தான் பெயரின் பிறப்பும் இருக்கிறது. 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் இருவரும் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். முதல்முறை காற்றூட்டியபோது கழிவுநீர் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையச் சுமார் 5 வாரம் ஆனது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, படிவை வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இப்படியே தொடர, வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. வீரியம் ஏறிய அந்தப் படிவுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் இது.

தமிழில் 'கிளர்வுற்ற கசடு' என்று எழுதலாம். வேதியியலின் 'கிளர்வு ஆற்றல்' வழியே வரும் சொல் அது. ஆனால் இங்கே வேலை செய்பவை உயிர்கள். ஆகவே 'உயிர்ப்புக் கசடு' என்பதே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. குறளில் குற்றம் என்ற பொருளில் வரும் 'கசடு', அடியில் தங்கும் மண்டியையும் குறிப்பதால் ஸ்லட்ஜுக்கு அதுவே போதும். திருப்பி அனுப்பப்படுவதை 'மீள்கசடு' என்றும், வெளியேற்றப்படுவதை 'உபரிக் கசடு' என்றும் பிரித்துச் சொல்வது நல்லது.

கழிவுநீரில் மருந்துகள் கலந்திருக்கும்போது இந்த உயிர்ப்பு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். பாராசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் இக்கூட்டம் பெருமளவு சிதைத்துவிடுகிறது. வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன் ஏறத்தாழ அப்படியே கடந்துபோகிறது. சில வேளைகளில் உள்ளே வந்ததைவிட வெளியேறும் நீரில் அது கூடுதலாகவும் இருக்கும். உடல் அதனுடன் இணைத்து அனுப்பிய சர்க்கரை அமிலத்தை நுண்ணுயிரிகள் வெட்டிவிடுவதால் மருந்து பழைய வடிவுக்குத் திரும்பிவிடுகிறது.

மருந்துகளின் செறிவு மிகக் குறைவு. அவற்றை மட்டும் உண்டு எந்த உயிரும் பெருக முடியாது. பல மருந்துகள் வேறு வேலைக்கான நொதியில் சிக்கித்தான் சிதைகின்றன. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களின் நொதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவை மெதுவாகப் பெருகுபவை. கசடு தொட்டியில் தங்கும் சராசரிக் காலத்தை, அதாவது 'கசட்டு வயதை'க் குறைத்தால், பெருகும் முன்பே உபரிக் கசட்டோடு வெளியேறிவிடும்.

பாக்டீரியாத் தொற்றுக்கான மருந்தாகிய சிப்ரோஃப்ளாக்சசினின் கதை வேறு. அது சிதைவதைவிடத் திரள்களில் ஒட்டிக்கொள்வதே அதிகம். நீரில் குறைந்துவிட்டதாகக் காட்டும் அளவில் பெரும்பங்கு உபரிக் கசட்டில் இருக்கிறது. அந்தக் கசட்டை வயலுக்கு உரமாக இட்டால் மருந்தும் மண்ணுக்குப் போய்ச் சேரும்.